நடக்காதவர்களுக்கு ஒரு நடைவழி

இரவுக் காவலாளியின் வேலை ரொம்பச் சுலபம்: ராத்திரி முழுக்க எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், காலையில் எதையுமே பார்க்காதவன் மாதிரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். இதில் முதல் பாதி எனக்குக் கைவந்து பல வருஷமாகிறது. இரண்டாம் பாதி இன்னும் வரவில்லை. ஊர் எழுந்திருக்கும்போது படுக்கப் போய், ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, தூக்கம் வராமல் தகரக் கூரையைப் பார்த்துக் கிடக்கும் என் இனத்தார் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்குப் பாதி சொன்னாலே மீதி புரியும்.

நான் காவல் இருப்பது குன்னூரில், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மரக்கூண்டில். ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கமிட்டி போட்டு ‘புகழ்வழி’ என்று ஒன்றை உண்டாக்கினார்கள். ஊரில் வாழ்ந்து பேர் எடுத்தவர்கள் இருந்த வீட்டின் முன்னால் ஓர் இரும்புக் கம்பம். அதன் மேல் முகமும் நாலு வரி வரலாறும் போட்ட பலகை. வருகிறவர்கள் கூண்டில் ஒரு வரைபடம் வாங்கிக்கொண்டு, மார்க்கெட் வழியாகப் படிக்கட்டு ஏறி, பெட்போர்டு பக்கம் சுற்றி, எண் வரிசையில் பார்த்துக்கொண்டே மறுபடி கூண்டுக்கு இறங்கிவிடலாம். கம்பம் மொத்தம் பன்னிரண்டு. பதினொன்றில் பலகை ஏறிவிட்டது. பன்னிரண்டாவது, என் கூண்டுக்குப் பக்கத்தில், வெகுநாள் மொட்டையாக நின்றது. அதில் மலை ரயில் பாதையில் கீமேனாக இருந்த ரத்தினம் அண்ணன் பேர் வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். நான் கண்ட கூத்தெல்லாம் அந்த ஆசையால் கண்டதுதான்.

கூண்டில் வரைபடம் கொடுக்கிற ஆள் பத்து மணிக்கு வருவார். பார்க்கிறவர்கள் ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள். இடையில் உள்ள நாலு மணி நேரம் யார் தலையில் விழும் என்று என் இனத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கைடு இல்லாத வழி

கோயமுத்தூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்குக் குரங்குக்குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. வரைபடத்தைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கைடு எங்கீங்க?” என்றார். கைடு கிடையாது, அவரவரே பார்த்துக்கொள்ளலாம், அதுதான் இந்த வழியின் விசேஷம் என்று கமிட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தேன். “வழி தெரியலைன்னா?” பலகையில் அம்புக்குறி இருக்கிறது என்றேன்.

அன்றைக்கு மூடுபனி. அம்புக்குறி கிடக்கட்டும், எதிரே இருந்த ரயில் நிலையமே காணாமல் போயிருந்தது. அந்த அம்மா படிக்கட்டு என்று நினைத்துச் சாக்கடைப் பக்கம் கால் வைக்கப் போனார். மனசு கேட்கவில்லை. கூண்டைப் பூட்டிவிட்டு டார்ச்சோடு முன்னால் நடந்து, ஐந்து கம்பம் காட்டினேன். ஐந்தாவதில் மூச்சு வாங்கிக்கொண்டே, நான் யார் என்று அவர் கேட்டார். ராத்திரி வாட்ச்மேன் என்றேன். குல்லாவை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க, ராத்திரி வாட்ச்மேன் பகல்ல கைடு வேலை பார்த்தா, ராத்திரிக்குக் காவல் இருக்கறது கைடுங்களா?”

மாடி ஜன்னல்

எங்கள் ஊரில் வீட்டுக்குக் கதவு எண்ணைவிடப் பேர்தான் முக்கியம். வெள்ளைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பேர்கள். வீடு மாறுகிறவர்கள் சட்டி பானையோடு வாசலில் இருக்கிற பேர்ப்பலகையையும் கழற்றிக்கொண்டு போய்ப் புது வீட்டில் மாட்டிவிடுவார்கள். தபால்காரருக்கு இது தெரியும். கமிட்டிக்குத் தெரியவில்லை. அமலோற்பவம் டீச்சர் இருந்தது ‘வைலட் காட்டேஜ்’ என்று எங்கேயோ படித்துவிட்டு, அந்தப் பேர் எந்த வாசலில் தொங்குகிறதோ அங்கே ஆறாம் எண் கம்பத்தை நட்டுவிட்டார்கள்.

நான் எட்டாவது வரை டீச்சரிடம் படித்தவன். திருத்துகிற நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு அவர் வீடு வரை போயிருக்கிறேன். அந்த வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. இன்றைக்கு அது ஒரு லாட்ஜ். டீச்சர் உட்கார்ந்த இடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது. வீட்டுக்காரர்கள் அதை விற்றுவிட்டுப் போகும்போது பேரைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் விஷயம். குழி தோண்டும்போதே போய்ச் சொன்னேன். “தோண்டியாச்சே” என்றார்கள். ஒரு மனுஷி முப்பது வருஷம் இருந்த இடத்தைவிட அரைமணி நேரம் தோண்டிய குழி பெரிதாகப் போய்விட்டது.

இப்போது வைலட் காட்டேஜில் இருப்பவர் வர்க்கி பிஸ்கட் சுடுகிற பெஞ்சமின். டீச்சர் முகத்தை அவர் பார்த்ததே பலகை வந்த பிறகுதான். தினம் பத்துப் பேர் கதவைத் தட்டுகிறார்களே, என்ன சொல்லி அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். சட்டையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

“அவங்க இங்க இருந்ததில்லைன்னா வர்றவங்க மூஞ்சி சுண்டிப்போகுதுங்க. அதனால இப்பெல்லாம் மாடி ஜன்னலைக் காமிச்சு, ‘அங்க உக்காந்துதான் நோட்டுத் திருத்துவாங்க’ன்னு சொல்லீர்றன். ரெண்டு பாக்கெட் வர்க்கியும் போகுது.”

காரணம் கூறவும்

நாலாம் எண் பலகை ஒரு எஸ்டேட் துரைக்கு. குதிரை மேல் உட்கார்ந்த படம். ‘தேயிலைக் கன்றுகளைத் தன் கையால் நட்டு இம்மலையைப் பசுமையாக்கியவர், வேட்டையில் வல்லவர்’ என்று எழுதியிருக்கும். கம்பம் நிற்கிற இடம் தேயிலைச் சரிவின் ஓரம். விடிகிற நேரத்தில் அந்த வழியாக ஒரு காட்டெருமை இறங்கி வரும். ஒற்றை. எங்கள் ஊரில் இது செய்தியில்லை. பால்காரர் அதற்கு வழிவிட்டு நின்று, அது போன பிறகு போவார். ஆனால் இந்தக் காட்டெருமைக்கு ஒரு பழக்கம். பக்கத்தில் மின்கம்பம் இருக்கிறது, வேலிக்கல் இருக்கிறது, சில்வர் ஓக் மரம் இருக்கிறது. அது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நாலாம் எண் கம்பத்தில்தான் முதுகு உரசும். மூன்றாம் முறை துரை குதிரையோடு சாய்ந்துவிட்டார்.

கமிட்டியிலிருந்து எனக்கு ஒரு கடிதம். ‘காட்டெருமை கம்பத்தை உரசியதைத் தாங்கள் தடுக்காததற்குக் காரணம் கூறவும்.’ என் கையில் இருப்பது ஒரு டார்ச்சும் ஒரு விசிலும். நான் காரணம் கூறுவது இருக்கட்டும், அந்தக் கடிதத்தை எழுதியவர் ஒரு நாள் விடியலில் அங்கே வந்து, தடுப்பது எப்படி என்று எனக்குக் காட்டியிருக்கலாம். அடுத்த மாதம் பலகையைப் புதிதாக நிமிர்த்தினார்கள். காட்டெருமை மறுநாளே வந்து உரசியது. வனத்துறையில் காவலராக இருக்கிற போஜனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், ஏதாவது செய்ய முடியுமா என்று. அவர் பலகையை நிதானமாகப் படித்தார். ‘வேட்டையில் வல்லவர்’ என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இதனோட பாட்டனைச் சுட்டு, தலையைச் சுவத்துல மாட்டுனவரு இவருதானுங்களே. அது அவுங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற விசயம். நாம நடுவுல போகக் கூடாதுங்க.”

பெரட்டு

அதே துரை, அதே பலகை. பந்தலூரிலிருந்து ஒரு வேன் நிறையப் பேர் வந்தார்கள். எல்லாரும் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள், நேரம் இருக்கிறது என்று நடைவழி பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் ஒரு அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அங்கேயும் கொழுந்து எடுத்து, இங்கேயும் கொழுந்து எடுத்தவர். விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. படிக்கத் தெரியாது, மருமகள் ஒவ்வொரு பலகையாக உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள்.

நாலாவதில் ‘தன் கையால் நட்டு’ என்று அவள் படித்ததும், “திரும்பப் படி” என்றார் அந்த அம்மா. அவள் திரும்பப் படித்தாள். அந்த அம்மா சரிவு முழுக்க ஒரு தடவை பார்த்தார். மேலே தொடங்கிக் கீழே ஓடை வரை பார்த்தார். எஸ்டேட்டில் விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதை அவர்கள் பெரட்டு என்பார்கள். கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல என்னிடம் கேட்டார்:

“தொரை அவர் கையாலயே அம்புட்டையும் நட்டாருன்னா, அப்ப பெரட்டுல நிப்பாட்டிப் பேர் கூப்பிட்டது யாரை தம்பி?”

தண்டவாளத்தில் பட்டாசு

இனி ரத்தினம் அண்ணன். எண்பதைத் தாண்டியவர். கடைத்தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ‘கீமேன் அண்ணன்’தான். மலை ரயில் பாதையில் கீமேன் வேலை என்றால் நடக்கிற வேலை. முதல் ரயில் வருவதற்கு முன்னால், தோளில் சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியும் தொங்க, தண்டவாளத்தோடு நடந்து போக வேண்டும். பாறை விழுந்திருக்கிறதா, மண் சரிந்திருக்கிறதா, கட்டைகளில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற இரும்புச் சாவிகள் கழன்றிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ‘ணங்’ என்று கேட்கும். ஆடினால் ‘தொப்’ என்று கேட்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் மழை, பனி, யானை எதையும் பாராமல் இதைச் செய்தவர்.

ஒரு அடைமழைக் காலையில் பாதி தூரம் இறங்கியவர், தண்டவாளத்துக்கு அடியில் மண்ணையே காணாமல் நின்றிருக்கிறார். தண்டவாளம் மட்டும் துணி காயப்போடுகிற கொடி மாதிரி அந்தரத்தில் தொங்குகிறது. கீழேயிருந்து ரயில் ஏறிக்கொண்டிருக்கிறது, உள்ளே நிறைய ஜனம். அவர் உண்ணிமுள் புதருக்குள் சரிந்து இறங்கி, பள்ளத்தைச் சுற்றி அந்தப் பக்கம் ஏறி, கீழ்நோக்கி ஓடியிருக்கிறார். மேகத்துக்குள் கொடி தெரியாது. அதற்காகவே அவர்களிடம் பட்டாசு என்று ஒரு தகர டப்பி உண்டு. தண்டவாளத்தில் கட்டிவிட்டால் சக்கரம் ஏறும்போது வெடிக்கும், ஓட்டுகிறவர் உடனே நிறுத்துவார். மூன்று டப்பிகளைக் கட்டினார். மூன்றும் வெடித்தன. ரயில் நின்றது. பயமாக இல்லையா அண்ணா என்று ஒரு தடவை கேட்டேன்.

“பயமெல்லாம் ரயில் நின்னதுக்கப்பறம் வந்துச்சு தம்பி. அதுவரைக்கும் ஓடற வேலை இருந்துச்சல்ல.”

மருமகன் கோட்டு

ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு விடியலில் கால் நிற்காது. தண்டவாளத்தில் நடக்க முடியாததால் புகழ்வழியில் நடக்க ஆரம்பித்தார். சுத்தியல் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு தட்டு. ‘தொப்’ என்று கேட்டால் ஸ்பானரை எடுத்து முடுக்கிவிட்டுத்தான் நகருவார். பத்து மணிக்கு வருகிற எவரும் இதைப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். பன்னிரண்டாவது மொட்டைக் கம்பத்தை அவர் தட்டும்போதெல்லாம், இதில் வேறு யார் முகம் வர முடியும் என்று தோன்றும்.

மனு எழுதினேன். பலகையில் நாலு வரிக்குத்தான் இடம். கிழிந்த அகராதியை வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் நின்றது இதுதான்: ‘ரத்தினம். கீமேன். தினமும் முதல் ரயிலுக்கு முன்னால் நடந்தார். ஒரு மழை நாளில் ரயிலை நிறுத்தினார்.’ படம் வேண்டும் என்றேன். “எனக்கெதுக்குத் தம்பி அதெல்லாம்” என்று போய்விட்டார். நாலாம் நாள் ஒரு கவரை நீட்டினார். அருவங்காட்டில் இருக்கிற மருமகனின் கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் எடுத்த படம். கோட்டின் கை விரல் வரை இறங்கியிருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி, பாதையில் ஏதோ கிடக்கிறதா என்று பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டார். அந்த வயசில் ஒரு மனிதர் அப்படிக் கேட்டால், ‘எனக்கெதுக்கு’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று புரியாதவன் காவலுக்கு லாயக்கில்லை.

கமிட்டிச் செயலாளர் நல்ல மனிதர்தான். என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். மனுவை இரண்டு தடவை படித்தார். தமிழ் நன்றாக இருக்கிறது என்றார். படத்தையும் பார்த்தார். பிறகு, காலமானவர்களுக்கு மட்டுமே பலகை என்பது விதி என்று ஒரு தாளை எடுத்துக் காட்டினார். ரயில் நின்றதும், ஜனம் பிழைத்ததும் மாறிவிடப் போவதில்லையே, அப்புறம் ஆள் இருந்தால் என்ன என்றேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டுக்கொண்டு சொன்னார்:

“தகுதியில ஒரு குறையும் இல்லைங்க. நல்லா நடமாடிக்கிட்டு இருக்கறாரே, அதுதான் இடைஞ்சல்.”

கார் கண்ணாடி

இரண்டு மாதம் கழித்துப் பன்னிரண்டாவது கம்பத்தில் பலகை ஏறியது. ஒரு நாள் காலை நான் வேலை முடித்துப் போகும்போது மொட்டையாக இருந்தது, சாயங்காலம் திரும்பி வந்தால் சிரித்துக்கொண்டிருந்தது. கம்பங்களையெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்த ஓட்டல் அதிபரின் காலஞ்சென்ற தகப்பனார். அவர் இந்த ஊர்க்காரரே இல்லை. கோடைக்குக் கோடை வந்து தங்கிவிட்டுப் போனவர். விதியில் ‘காலமானவர்’ என்று மட்டும்தான் இருந்ததாம், ‘ஊர்க்காரர்’ என்று இல்லையாம். பலகையின் மூலையில் கட்டம் கட்டமாக ஒரு குறி. போனைக் காட்டினால் முழு வரலாறும் வரும் என்று எழுதியிருந்தது. காட்டினேன். ஓட்டலில் ரூம் காலியாக இருக்கிறது என்று வந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது அந்த நாலாவது வரியைப் படித்துத்தான். ‘இந்நகர வீதிகளில் நடந்து மகிழ்ந்தவர்.’ டீக்கடை மணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து படிக்கச் சொன்னேன். ஸ்டேஷனுக்கு எதிரே அவர் கடை வைத்து நாற்பது வருஷம் ஆகிறது. ஊருக்கு யார் வந்தாலும் போனாலும் அவர் கண்ணில் படாமல் தப்ப முடியாது. முகத்தைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார்.

“இந்த ஐயாவுக்கு நான் வருசா வருசம் டீ குடுத்திருக்கறனுங்க. கார் கண்ணாடியை இத்தனூண்டு எறக்குவாரு. டம்ளரு உள்ள போகும், டம்ளரு வெளிய வரும். நடந்து மகிழ்ந்தாருங்களா? அவருக்குக் கால் இருந்ததையே நான் பார்த்ததில்லீங்க.”

போட்டோ

மறுநாள் விடியலில் ரத்தினம் அண்ணன் வந்தார். மேலே அவர் வருகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழாவது, ணங். எட்டாவது, ணங். ஒன்பதாவதில் சத்தம் நின்றது. ஏதோ முடுக்கினார் போலிருக்கிறது. பிறகு பத்து, பதினொன்று. நான் கூண்டுக்குள் போய் வரைபடங்களை அடுக்குகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க ஒரு கம்பத்துக்குக் காவல் இருந்தேன். பகலில் தூங்கப் போன நேரத்தில் அதைக் கொடுத்துவிட்டார்கள். இதை எந்த முகத்தோடு சொல்வது?

பன்னிரண்டாவதின் முன்னால் நின்றார். எழுத்துக்கூட்டி நாலு வரியையும் படித்தார். கம்பத்தைத் தட்டவில்லை. சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் தட்டாமல் விட்ட ஒரு கம்பத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெளியே வந்து, “அண்ணா, நான் விடமாட்டேன். மேல எழுதிப் போடறேன்” என்றேன். அவர் டீக்கடைப் பக்கம் பார்த்தார். மணி கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேடுவதாகக் குனிந்துகொண்டார். அண்ணன் என்னிடம் கையை நீட்டினார்:

“அந்தப் போட்டோவைக் குடுத்துருங்க தம்பி. நாஞ் செத்தா ஊட்டுல மாலை போட ஆகும். அதுக்குக் கமிட்டி தேவையில்லைங்களே.”

ஆக, என் தூங்காத இனத்தாரே, எங்கள் ஊர் நடைவழியில் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், அதில் பதினொரு பேர் கீழே விழாமல் ஒருவர் தினமும் நடந்து வந்து தட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறார், பன்னிரண்டாமவரைத் தட்ட ஆள் இல்லை, அவரை நாலாம் எண் காட்டெருமை வந்து பார்த்துக்கொள்ளட்டும்.